பந்தயச் செயலியில் அறிவிப்பு: எங்கே, எப்போது?

கேள்வி – 4 ஜூன் 2025

பணம் வைத்து ஆடும் ரம்மிச் செயலி ஒன்றுக்குத் திரைகள் வரைகிறேன். தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் செல்லும் என்று நேற்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கைப் பெட்டி, பிறகு அரை மணிக்கு ஒருமுறை அதே பெட்டி, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமே கிடையாது. பெட்டியை எங்கே வைப்பது, மற்ற அறிவிப்புகளை எப்போது அனுப்புவது என்று குழுவில் ஓயாத சண்டை. என்னைக் கேட்டால், எங்கே வைத்தாலும் ஆடுகிறவர் மூடிவிட்டுத் தொடரப்போகிறார். எல்லாம் கண்துடைப்பு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன், இரவு

மூடிவிடுவார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் மூடுகிறார் என்று பாருங்கள். சில ஆண்டுகள் ஒரு சீட்டாட்டச் செயலியில் அறிவிப்புகளை மட்டுமே கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ரம்மியில் உங்கள் முறை வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதற்குள் ஒரு சீட்டை எடுக்க வேண்டும், ஒன்றைக் கழிக்க வேண்டும். அந்த நேரத்தில் சீட்டுகளை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்தால், அதில் என்ன எழுதியிருந்தாலும் அது இடைஞ்சல்தான். கோபத்தில் மூடுவார். இரண்டாவது காரணம் இன்னும் எளியது. பெரும்பாலான பெட்டிகளில் ‘தொடர்ந்து ஆடு’ பொத்தான் பச்சை நிறத்தில், வலது கீழ் மூலையில் இருக்கும். சீட்டைக் கழிக்கும் பொத்தானும் அங்கேதான். ஒரு மணி நேரமாக அதே இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல், கண் படிப்பதற்கு முன்பே தட்டிவிடும். இதைத் தற்செயல் என்று நினைக்காதீர்கள். தட்டும் இடத்தை இரண்டு விரற்கடை மேலே நகர்த்தினாலே மூடும் வேகம் குறையும் என்பது வடிவமைக்கிற எல்லோருக்கும் தெரியும். நகர்த்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆக, இடம்: ஆட்டத்தின் நடுவே வேண்டாம். ஒரு கை (ஒரு சுற்று) முடிந்து அடுத்த கைக்குச் சீட்டுப் போடுவதற்கு முன்பு, ‘அடுத்த ஆட்டம்’ பொத்தான் இருக்கும் இடத்தில் அதற்குப் பதிலாகவே எச்சரிக்கை வரட்டும். தானாக அடுத்த மேசையில் உட்காரவைக்கும் வசதி அந்த நேரத்தில் நிற்கட்டும்.

5 ஜூன்

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அது பாயிண்ட்ஸ் ரம்மிக்குத்தான் பொருந்தும். அதில் ஒவ்வொரு கையும் தனிக்கணக்கு, எழுந்து போகலாம். பூல் ரம்மியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் 101 அல்லது 201 புள்ளியை எட்டி வெளியேறும்வரை ஆட்டம் ஓடும். நடுவில் எழுந்தால் நுழைவுக் கட்டணம் போனது போனதுதான். அவரிடம் போய் ‘ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, ஓய்வெடுங்கள்’ என்றால் சிரிப்பார். அவரால் செய்யக்கூடியது எதுவும் அந்தச் செய்தியில் இல்லை. பூல் மேசையில் உட்காரும் முன்பே, ‘இந்த ஆட்டம் முடிவதற்குள் உங்கள் ஒரு மணி நேரம் கடந்துவிடும்’ என்று சொல்வதுதான் பயன்படும். விதி தடுக்கவில்லை. விதி கேட்கும் பெட்டியையும் காட்டுங்கள், இதை முன்னால் காட்டுங்கள்.

5 ஜூன், பிற்பகல்

‘கண்துடைப்பு’ என்ற சொல்லுக்கு மட்டும்: கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2001 வாக்கிலேயே சூதாட்ட எந்திரங்களில் 60, 90, 120 நிமிடங்களில் திரையில் நினைவூட்டல் வைத்துப் பார்த்துவிட்டார்கள். 145ஆவது நிமிடத்தில் எச்சரிக்கை, 150ஆவது நிமிடத்தில் கட்டாயமாகப் பணத்தை வெளியே கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இடத்தை ஒப்பிட்டார்கள். திரையின் ஓரத்தில் வரும் செய்தியைவிட நடுவில் வரும் செய்தி ஆடுகிறவர்களின் நினைவில் அதிகம் நின்றது. கால் நூற்றாண்டாக மனிதர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. நேற்று சென்னையில் முளைத்தது இல்லை.

7 ஜூன்

எங்கே, எப்போது என்று கேட்டீர்கள். தட்டினால் எந்தத் திரை திறக்கிறது என்று நீங்களும் கேட்கவில்லை, பதில் எழுதிய மற்ற எட்டுப்பத்துப் பேரும் கேட்கவில்லை. எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது.

‘நீங்கள் வென்ற பணம் கணக்கில் சேர்ந்தது.’ நல்ல செய்தி, தேவையான செய்தி. தட்டினால் கணக்கு விவரம் திறக்க வேண்டும், பக்கத்திலேயே ‘வங்கிக்கு அனுப்பு’ இருக்க வேண்டும். நான் பார்த்த செயலிகளில் பெரும்பாலும் திறந்தது மேசைகளின் பட்டியல். ‘உங்கள் பணம் எடுக்கும் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்பதைத் தட்டினால் அந்தக் கோரிக்கையை ரத்து செய்யும் பொத்தான் கண்முன் நிற்கும். பிரிட்டனில் 2021இல் இதைத் தடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்ன பணத்தைத் திரும்ப ஆட்டத்துக்குள் இழுக்கும் வசதியே அங்கே கூடாது. நம் விவாதங்களில் இது ஒருமுறைகூட அடிபட்டதில்லை.

‘பொறுப்புடன் ஆடுங்கள்’ என்ற அறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆட்டத்தை விட்டு வெளியே இருக்கிறவரின் பூட்டுத்திரையில் வந்து விழுந்தால், அவர் தட்டினால், செயலிதான் திறக்கும். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர் கையில் மேசை வந்துவிட்டது. அறிவுரைதான், ஆனால் வேலை செய்தது விளம்பரம்.

அதனால் நான் வகைப்படுத்துவது இப்படி. தட்டினால் பணம் போடும் திரையோ ஆடும் திரையோ திறக்குமானால் அது விளம்பரம். எந்தப் பிரிவில் போட்டிருந்தாலும், எந்த நிறத்தில் இருந்தாலும்.

8 ஜூன்

‘ஆண்ட்ராய்டில் அறிவிப்புகளைப் பிரிவு பிரிவாக அணைக்க முடியுமே, பயனர் தானே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஒருவர். முடியும், 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்தே. ஆனால் பிரிவுகளைப் பெயரிட்டு அமைப்பது செயலி செய்கிறவர். ‘கணக்குச் செய்திகள்’ என்ற பிரிவுக்குள் போனஸையும் சேர்த்துவிட்டால், போனஸை அணைக்கிறவர் பணம் வந்த செய்தியையும் இழக்க வேண்டும். யாரும் அணைக்க மாட்டார்கள். ஆப்பிளின் விதியில் விளம்பர அறிவிப்புக்குப் பயனர் தெளிவாகச் சம்மதித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அங்கும் இதே கலவைதான் நடக்கிறது.

11 ஜூன்

என் மைத்துனர், அக்காவின் கணவர், ரம்மி ஆடுகிறவர். சண்டை போட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்ட கட்டம். ஆண்ட்ராய்டில் ‘அறிவிப்பு வரலாறு’ என்று ஓர் அமைப்பு உண்டு, கடந்த ஒரு நாளில் வந்து போன எல்லாவற்றையும் காட்டும். ‘உங்கள் போனில் அதை இயக்கிக்கொள்ளட்டுமா, தொழில் ஆர்வம்தான்’ என்றேன். ‘என்ன வேண்டுமானாலும் பாருங்கள் மாப்பிள்ளை’ என்று கொடுத்துவிட்டார். அவ்வப்போது வாங்கிப் பார்த்துவந்தேன்.

மாலை நேரத்தில் குவியும் என்று எதிர்பார்த்தேன், குவிந்தது. சம்பள நாளையொட்டி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. நான் கவனிக்காமல் இருந்த ஒன்று: அவர் பணத்தை வங்கிக்கு மாற்றிய மறுநாள் காலையில் வரும் செய்தி. ‘உங்களுக்கு மட்டும்’ என்று தொடங்கும், ஒரு போனஸ், சில மணி நேரத்தில் காலாவதி. தோற்ற இரவுக்குப் பிறகும் வந்தது, ஆனால் வென்று எடுத்த பிறகு வந்ததன் ஒழுங்கு வேறு. போன பணத்தை மீட்டுவரும் ஒழுங்கு.

நான் வேலை செய்த இடத்தில் இதற்கு ‘திரும்ப வரவழைத்தல்’ என்று ஒரு பட்டியலே உண்டு. எத்தனை நாள் வரவில்லை என்பதை வைத்து அனுப்புவோம் என்றுதான் நினைத்திருந்தேன். நடத்தையை வைத்து அனுப்பினால் அது எவ்வளவு துல்லியமாக வந்து விழுகிறது என்பது, வாங்குகிறவரின் போனைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அனுப்புகிற பக்கத்தில் அது வெறும் வரைபடம்.

அதே துல்லியத்தோடு ‘எடுத்துவிட்டீர்கள், நல்லது, ஒரு வாரம் கணக்கை மூடிவைக்கட்டுமா?’ என்று கேட்கவும் அந்தச் செயலியால் முடியும். தொழில்நுட்பத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

12 ஜூன்

மைத்துனரைப் பற்றி எழுதியதற்கு அறிவுரைகள் வந்திருக்கின்றன. நன்றி, வேண்டாம். அவர் வயது ஐம்பத்திரண்டு.

14 ஜூன்

நள்ளிரவுத் தடை பற்றி. நல்ல விதி என்றுதான் முதலில் நினைத்தேன், இப்போதும் பெருமளவு அப்படித்தான். ஆனால் வடிவமைக்கிறவன் கண்ணோடு பாருங்கள். 12 மணிக்கு ஆட்டம் மூடும் என்றால் 11.40க்கு ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதி ஆட்டத்தில் திரை அணைந்து சண்டை வரும். ‘இன்னும் 20 நிமிடத்தில் மேசைகள் மூடப்படும்.’ நேர்மையான தகவல். இரவெல்லாம் தோற்றுக்கொண்டிருப்பவருக்கு இது எப்படிக் கேட்கும்? கடைசி வாய்ப்பு என்று கேட்கும். டாஸ்மாக்கில் பத்து மணி நெருங்கும்போது வரிசை நீள்வது போலத்தான்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. மூடும் நேரத்தை எல்லோருக்கும் அறிவிக்காமல், மேசையில் இருப்பவருக்கு மட்டும் செயலிக்குள்ளேயே காட்டுங்கள். பூட்டுத்திரைக்கு அனுப்பாதீர்கள். பூல் மேசைகளை 12க்கு வெகுமுன்பே புதிதாகத் திறக்காமல் நிறுத்திவிடுங்கள். எண்கள் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் வேண்டவே வேண்டாம், ‘12 மணிவரை’ என்று எழுதினால் போதும். ஓடும் எண் எதுவாக இருந்தாலும் கை பரபரக்கும்.

15 ஜூன்

‘ஓடும் கடிகாரத்தை விட்டால் அறிவிப்பில் என்னதான் இருக்கும்’ என்று கேட்டவருக்கு: தகவல் இருக்கும்.

19 ஜூன்

ரம்மியிலேயே நின்றுவிட்டோம், கிரிக்கெட்டுக்கு வருவோம். பணம் கட்டி அணி அமைக்கும் கற்பனை அணி விளையாட்டுகளில் எனக்குத் தெரிந்து மிகவும் பயனுள்ள அறிவிப்பும் மிகவும் ஆபத்தான அறிவிப்பும் ஒன்றேதான். ஐபிஎல் இரவு ஆட்டத்துக்கு 7 மணிக்கு டாஸ், 7.30க்கு ஆட்டம். டாஸ் போட்டதும் யார் யார் ஆடுகிறார்கள் என்று தெரியும். ‘அணி அறிவிக்கப்பட்டது’ என்று வரும் செய்தி இல்லையென்றால், ஆடாத வீரரை வைத்துக்கொண்டு பணத்தை இழப்பீர்கள். ஆக அது தேவை. அதே அறிவிப்பு உங்களை அரை மணி நேரம் கதவடைத்த அறைக்குள் தள்ளுகிறது. அணியை மாற்ற வருகிறவர், புதிதாக இன்னொரு போட்டிக்கும் பணம் கட்டிவிட்டுப் போகிறார்.

பிரித்துக்கொடுங்கள் என்பேன். ஏற்கெனவே பணம் கட்டியவருக்கு மட்டும் அனுப்புங்கள், தட்டினால் அவருடைய அணி திறக்கட்டும், உங்கள் வீரர்களில் இவர் ஆடவில்லை என்று அறிவிப்பிலேயே பெயர் இருக்கட்டும். பணம் கட்டாதவருக்கு 7 மணிச் செய்தி எதற்கு?

20 ஜூன்

சிரிப்புக்கு ஒன்று. போனுக்கு அறிவிப்புகளைக் கொண்டுசேர்க்கும் கூகுளின் புஷ் சேவையில் காலாவதி நேரம் குறிப்பிடாமல் அனுப்பினால், போன் அணைந்திருந்தால் நான்கு வாரம்வரை செய்தியைப் பிடித்துவைத்திருக்கும். கிராமத்துக்குப் போய் போனை அணைத்துவைத்திருந்த நண்பர் ஒருவருக்கு, திரும்பி இயக்கியதும் ‘ஆட்டம் தொடங்க 10 நிமிடமே! விரைந்து வாருங்கள்!’ என்று வந்தது. அந்தத் தொடரே முடிந்து கோப்பை கொடுத்தாகிவிட்டது.

சிரித்து முடித்ததும் இதைச் செய்யுங்கள்: ஆட்டத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரம் வையுங்கள், பழைய செய்தியைப் புதியது அழித்துக்கொள்ளும்படி அமையுங்கள். பந்தய விகிதத்தை (வைத்த ஒரு ரூபாய்க்கு வென்றால் எவ்வளவு என்பதை) அறிவிப்பில் எழுதவே எழுதாதீர்கள். அது போனுக்கு வந்து சேர்வதற்குள் மாறியிருக்கும். 2.10 என்று பார்த்துத் தட்டியவருக்கு உள்ளே 1.85 கிடைத்தால், ‘மாற்றத்தை ஏற்கிறேன்’ என்று அழுத்திவிடுகிறார், வந்தது வந்துவிட்டோம் என்று.

27 ஜூன்

வெற்றிச் செய்தியின் தொனி பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 100 ரூபாய் வைத்து 80 திரும்பி வந்தால் சில செயலிகள் ‘வாழ்த்துகள், 80 ரூபாய் வென்றீர்கள்’ என்று ஒலியோடு சொல்லும். 20 ரூபாய் நட்டம் அது. வைத்த பணத்துக்கு மேல் வராவிட்டால் கொண்டாட்டச் சத்தமோ மின்னலோ கூடாது என்று பிரிட்டனில் இணைய ஸ்லாட் (சக்கரம் சுழலும் சூதாட்டம்) ஆட்டங்களுக்கு 2021இல் விதி வந்தது. அறிவிப்புக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நிகரக் கணக்கைச் சொல்லுங்கள், வாழ்த்தை வங்கியில் பணம் சேரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

3 ஜூலை

பூட்டுத்திரையில் தொகையைக் காட்டலாமா என்று இன்னொரு கேள்வி. இதில் என் மனம் இரண்டு பக்கமும் ஆடுகிறது. காட்டக்கூடாது என்பதுதான் தொழில் வழக்கம், அந்தரங்கம். ஆனால் கடன் வாங்கி ஆடும் வீட்டில், மனைவிக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆட்டம் நீள்வதற்கு முதல் காரணம். என் அக்கா பல மாதங்கள் எதையும் அறியாமல் இருந்தாள். பூட்டுத்திரையில் ஒருநாள் ஒரு தொகை மின்னியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அப்படியென்றால் காட்டலாமா? அறிவிப்பு என்பது வீட்டாருக்கு உளவு சொல்லும் கருவி ஆகிவிடும். ஆடுகிறவர் அறிவிப்பையே அணைத்துவிடுவார், எச்சரிக்கையும் சேர்ந்து போகும். அடியும் உதையும் நடக்கும் வீடுகளும் இருக்கின்றன. அக்காவிடமே கேட்டேன். ‘போனைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தேனே, அதைச் சொல்’ என்றாள். இதற்கு வடிவமைப்பில் பதில் இல்லை. மறைத்தே வையுங்கள்.

4 ஜூலை

முதல் குறிப்பில் பொத்தானை நகர்த்தச் சொன்னேன். இங்கே எழுதும் ஆட்டக்காரர் ஒருவர், ‘என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை, ஆனால் கை நின்ற அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்ததுண்டு’ என்கிறார். வாசகத்துக்காக நாம் அடித்துக்கொண்டதெல்லாம் வீணோ என்று தோன்றுகிறது. முழுக்க வீணில்லை. ‘நீங்கள் 1 மணி 30 நிமிடம் ஆடியுள்ளீர்கள்’ என்பதோடு ‘இன்று பணம் போட்டது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு’ என்ற வரியும் இருந்தால் சிலர் படிப்பார்கள். இந்தப் பெட்டியில் விதி நேரத்தை மட்டும் கேட்கிறது. தண்ணீருக்கு எழவைக்கும் இடைவெளி முதலில், கணக்கு இரண்டாவது, அறிவுரை கடைசி, அதுவும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

18 ஜூலை

வெளிநாட்டு நிலவரம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பிரிட்டனில் இந்த மே 1 முதல், எந்த வகை ஆட்டத்துக்கு, எந்த வழியில் (மின்னஞ்சல், குறுஞ்செய்தி, புஷ், தொலைபேசி) விளம்பரம் அனுப்பலாம் என்று வாடிக்கையாளர் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். கால்பந்துப் பந்தயத்துக்குச் சம்மதித்தவருக்கு ஸ்லாட் விளம்பரம் அனுப்பக்கூடாது. ஆஸ்திரேலியாவில், வேண்டாம் என்று சொன்ன 37,000 பேருக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்தி அனுப்பிய ஸ்போர்ட்ஸ்பெட் நிறுவனம் 2022இல் 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது. ‘வேண்டாம்’ பொத்தான் வேலை செய்கிறதா என்று சோதிப்பதை எந்தக் குழுவும் முதல் வேலையாக வைப்பதில்லை. வையுங்கள்.

23 ஆகஸ்ட்

இனி இந்த இழை எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயம்தான். ஒன்றிய அரசின் ஆன்லைன் விளையாட்டு மசோதா 20ஆம் தேதி மக்களவையிலும் 21இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது, நேற்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு நாடு முழுவதும் தடை, திறமை ஆட்டம் என்ற வேறுபாடெல்லாம் இல்லை. நடத்தினால் மூன்றாண்டுவரை சிறை, ஒரு கோடிவரை அபராதம். பெரிய செயலிகள் பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன.

மைத்துனர் போனில் நேற்று மாலை வந்த அறிவிப்பு: உங்கள் இருப்புப் பணம் பத்திரமாக உள்ளது, எடுத்துக்கொள்ளலாம். தட்டினார். நேராகப் பணம் எடுக்கும் திரை. இடையில் ஒரு போனஸ் பெட்டிகூட இல்லை. ஜூன் 7 அன்று நான் எழுதியதை ஒரே இரவில் செய்துகாட்டிவிட்டார்கள், முடியாது என்று இத்தனை நாள் சொன்னவர்கள்.

9 செப்டம்பர்

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து செயலியை இறக்கச் சொல்கின்றன. அவற்றுக்கு 12 மணியும் இல்லை, அரை மணியும் இல்லை. புஷ் அனுமதி கிடைக்காவிட்டால் டெலிகிராம் குழு, வாட்ஸப், புதிது புதிதான எண்கள். அங்கே ஒரு குழுவை அணைத்தால் இன்னொரு குழு, எண்ணைத் தடுத்தால் அடுத்த எண். மைத்துனருக்கும் வந்தது. அக்கா போனை வாங்கி, தெரியாத எண்ணிலிருந்து குழுவில் சேர்க்க முடியாதபடி இரண்டு செயலியிலும் அமைப்பை மாற்றிவைத்திருக்கிறாள். இந்த இழையில் பேசிய எல்லா வடிவமைப்பு நுணுக்கத்தையும்விட அது உருப்படியான வேலை.

2 அக்டோபர்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ரம்மி வேலை போய்விட்டதாம், இப்போது பங்குச்சந்தைச் செயலி ஒன்றில், எஃப் அண்ட் ஓ (பங்குகளின் பிற்கால விலையை வைத்து வாங்கி விற்கும் ஒப்பந்தங்கள்) பகுதிக்குத் திரை வரைகிறார். ‘இது சூதாட்டம் இல்லையே, பழைய விதிகள் இங்கே வேண்டாம் அல்லவா’ என்கிறார்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. சூதா இல்லையா என்பதை வக்கீல்கள் பேசட்டும். பெட்டிக்கு அங்கும் விதி உண்டு: 2023 ஜூலை முதல், உள்நுழையும்போது அபாய அறிவிப்பைக் காட்டி, படித்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே விட வேண்டும். திரையில் பாதி இடமாவது அது பிடிக்க வேண்டும். உங்கள் செயலியில் அந்த ‘ஒப்புக்கொள்கிறேன்’ எங்கே இருக்கிறது, ‘வாங்கு’ பொத்தானுக்கு நேர் மேலேயா? செவ்வாய்க்கிழமை காலை 9.15க்கு முன்பு ‘இன்று எக்ஸ்பைரி’ (ஒப்பந்தம் முடியும் நாள்) என்று அனுப்புகிறீர்களா, யாருக்கு, கையில் ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு மட்டுமா எல்லோருக்குமா? தட்டினால் என்ன திறக்கிறது?

திரைகளின் படத்தைப் போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.